அதிர்வுக்கு முன்னால் வந்த சிற்றலை

மகனே,

"அடுத்த மாசம் கல்யாணம். பெங்களூர்லதான். முடிஞ்சா வாங்கப்பா" என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற தகப்பனை 'முடிஞ்சா வா' என்று கூப்பிடுகிற பிள்ளை உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய் என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். திட்டு வாங்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால் இப்போதெல்லாம் சுவர்தான் வாங்கிக்கொள்கிறது. பிறகு ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். இது அழைப்பா, வெறும் தகவலா என்று யோசித்தேன். இரண்டும் இல்லை, நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய் என்று மெதுவாகத்தான் விளங்கியது. அம்மாவை அடக்கம் செய்த அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் உன்னைப் பார்த்துச் சொன்னேனே, அந்தப் பேச்சு இன்னும் என் மனதில் இருக்கிறதா என்று கேட்கிறாய். அடக்கம் முடிந்து போனவன் இந்த இரண்டு வருடமாகப் போர்ட் பிளேரில் நம் கராச்சர்மா வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்கே மழையா என்று கேட்கிறாய், நானும் பதில் சொல்கிறேன். நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிப் போவதுபோல இரண்டு பேரும் அந்தப் பேச்சைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும், எழுதும்போது கை அவ்வளவு வேகமாகப் போகாது. மூடின உறைக்குள் வைக்க வேண்டியதை நம் பங்குச் சர்ச்சின் மாத இதழில் ஊர் படிக்கும்படி ஏன் போடக் கொடுத்தேன் என்று நீ கேட்கலாம். உன்னைச் சொன்னது ஊர் கேட்கத்தான் சொன்னேன். திரும்ப எடுக்கிறதை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுப் போவது மரியாதை இல்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற மெர்லினும் இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் வேலை என்னவென்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்ற ஒரு சொல்லில் உன் அம்மா முடித்துவிடுவாள். ஆனால் அந்த வேலை என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது. நீ கல்லூரியில் கடைசி வருடம் லீவுக்கு வந்திருந்தபோது சமையலறையில் நின்று அவளுக்கு விளக்கினாய். நிலத்தின் ஆட்டம், பேசுகிற குரல், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிற அளவுகள். கம்ப்யூட்டருக்கோ எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது. நடுவில் ஒரு சில்லு உட்கார்ந்து அளவை எண்ணாக மாற்றிக் கொடுக்கிறது, அதில் சிக்மா-டெல்டா என்று ஒரு வகை உண்டு, அதைத்தான் நீ படிக்கிறாய். அவள் சூரை மீனை அலசிக்கொண்டே, புரியும்படி சொல்லேன் என்றாள். நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா சாப்பிடும்போது குழம்பப் பத்தி என்ன சொல்லுவாரு? உப்பு கூடிப்போச்சு, இல்லன்னா கொறஞ்சுபோச்சு. எவ்வளவுன்னு சொல்லவே மாட்டாரு. ரெண்டுல ஒண்ணுதான், அதத்தான் ஒத்த பிட்டுன்னு சொல்லுவோம். நீ என்ன செய்ற? நேத்து கூடினத மனசுல வச்சிருந்து இன்னைக்குக் கொறைக்கிற. கொறஞ்சா நாளைக்குக் கூட்டுற. ஒரு நாளுகூட சரியா இருக்காது. ஆனா மாசம் முழுக்கச் சேத்துப் பாத்தா உப்பு ரொம்பச் சரியா இருக்கும். அதாம்மா சிக்மா-டெல்டா." அவள் கையில் மீனோடு அப்படிச் சிரித்தாள். "அப்போ உங்கப்பாதான் அந்த ஒத்த பிட்டா?" என்று கேட்டாள். நான் முன்னறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய வகைச் சில்லு ஒரு தடவைதான் அளக்கும், ஆனால் நுணுக்கமாக அளக்க வேண்டும், அதற்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் கச்சிதமாக இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. இது கேட்பது முரட்டுக் கேள்வி, கூடுதலா குறைவா என்பது மட்டும்தான். ஆனால் தேவைக்குப் பல மடங்கு வேகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பதிலிலும் மிஞ்சுகிற பிழையைத் தூக்கி எறியாமல் அடுத்த கேள்வியோடு சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சேர்க்கச் சேர்க்கப் பிழையெல்லாம் படபடவென்ற இரைச்சலாக ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பின்னால் நிற்கும் ஃபில்டர் அந்த இரைச்சலை வடித்துவிட்டுத் தேவையான எண்களை மட்டும் நிதானமாக வெளியே விடும். இதெல்லாம் பின்னாளில் நீ எனக்குச் சொல்லித் தந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது அந்த 'ஒத்த பிட்' மட்டும்தான், அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மை அதுதான். உன்னை நான் அளந்ததெல்லாம் ஒரே பிட்டில்தான். மார்க் வந்தால் போதாது என்பேன், இல்லையென்றால் பேசாமல் இருப்பேன். பேசாமல் இருந்தால் பாராட்டு என்று நீயாகப் புரிந்துகொள்ள வேண்டும். மிச்சத்தைச் சேர்த்து வைத்துச் சரிக்கட்டியது அவள்தான். நான் திட்டிய நாளில் உன் தட்டில் நல்ல துண்டு மீன் விழும். அவள் போனபின் நமக்கு நடுவில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை, நான் சொன்னது சொன்னபடியே உன்மேல் நின்றுவிட்டது.

இன்னொன்றையும் மெர்லினுக்காகச் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை என் உத்தியோகம் நிலநடுக்கக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது. போர்ட் பிளேரில் ஒரு அறை, தூரத்தில் ரங்கத் என்கிற ஊரில் ஒரு அறை, இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் குலுங்கியே என் இடுப்பு போயிற்று. சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவில் நிலம் லேசாக அசைந்தால்கூட ஆட்கள் முதலில் கடலைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். பேனா கோடு போடுகிற பழைய காகித உருளையை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி ஒன்று வைத்தார்கள். அதற்குள் இருந்ததும் சிக்மா-டெல்டாதான், ஆனால் எனக்குப் பெட்டி என்றால் பெட்டி. பக்கத்தில் ஏதாவது சுருக்கென்று அதிர்ந்தால் திரையில் கோடு எகிறும், அது எதிர்பார்த்ததுதான். நான் கவனித்தது வேறு. கோடு எகிறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மிகச் சின்னதாக ஒரு சிற்றலை ஓடும். காகித நாளில் அதை நான் பார்த்ததே இல்லை. பழைய பேனாவுக்குத் தடித்த காது, புதுப் பெட்டிதான் பூமி முணுமுணுப்பதைக் கேட்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். இன்றைக்குக் கண்சிமிட்டும் நேரம்தான் முன்னால் தெரிகிறது, பெரிய அதிர்ச்சி என்றால் இன்னும் முன்னாலேயே தெரியலாம், அடுத்த தடவை இந்தத் தீவில் யாரும் தெரியாமல் சாக மாட்டார்கள் என்றெல்லாம் மனதுக்குள் கோட்டை கட்டினேன். ஆபீசில் மூச்சு விடவில்லை. உன்னிடம் மட்டும் போனில் சொன்னேன்.

எவ்வளவு முன்னால், ஒவ்வொரு தடவையும் அதே அளவா என்று நீ கேட்டுக்கொண்டாய். பிறகு, "அப்பா, அது பூமி இல்ல. ஃபில்டர்" என்றாய். முப்பது வருடம் பூமியைப் பார்த்தவனுக்கு நாலு வருடம் படித்தவன் சொல்ல வந்துவிட்டானா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நீ அடுத்த லீவுக்கு வந்தபோது எனக்கு ரங்கத் டியூட்டி. நானும் வாரேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அம்மா இரண்டு பேருக்கும் புளிச்சோறு கட்டித் தந்து, வழியில் சண்டை போடாமல் போய் வாருங்கள் என்றாள். அந்த அறையின் காவலுக்கு இருந்த மண்டல் தாதாவை உனக்கு நினைவிருக்கும், தோட்டத்தில் பாக்கு வைத்திருந்த பெங்காலிக்காரர். கருவி பதித்த மேடைக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, கையில் ஒரு கருங்கல்லைக் கொடுத்து, எப்போது தோன்றுகிறதோ அப்போது கீழே போடுங்கள் என்றாய். நான் விடுவேனா? ஓங்கிவிட்டுப் போடாமல் நின்றேன். மழையைப் பற்றிப் பேசினேன். மண்டல் தாதாவிடம் பாக்கு விலை விசாரித்தேன். விசாரித்துக்கொண்டே சட்டென்று போட்டேன். திரையில் கல் விழுந்த எகிறல் இருந்தது, அதற்கு முன்னால், அதே சிற்றலை இருந்தது.

"கல்ல எப்ப போடப்போறோம்னு உங்களுக்கே தெரியாதேப்பா," என்றாய். "பூமிக்கு எப்படித் தெரியும்?"

"லட்கா டீக் போல்தா ஹை, பாபு", பையன் சொல்வது சரிதான் என்று மண்டல் தாதாவும் உன் பக்கம் சேர்ந்துகொண்டு சாயா போடப் போய்விட்டார். நீ பொறுமையாக விளக்கினாய். அந்த ஃபில்டர் ஒரு நொடிக்கு உரிய எண்ணை அந்த நொடியிலேயே எழுதுவதில்லை. கொஞ்சம் காத்திருந்து, அதற்கு முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் சேர்த்து எடை போட்டு, அப்புறம்தான் எழுதுகிறது. எழுதும்போது பழைய நொடிக்கு நேராகவே எழுதிவிடுகிறது. அதனால் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால் அதன் விளிம்பு பின்னால் வழிவதுபோல முன்னாலும் வழிகிறது. முன்னால் தெரிகிற அந்தச் சிற்றலை நடந்த ஒன்று அல்ல, பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்ட ஒருவன் முன்னால் எழுதியது. முன்பக்கம் வழியாத ஃபில்டரும் இருக்கிறது, அதில் ஆட்டமெல்லாம் பின்னால்தான் வரும், ரொம்ப நேரம் வரும் என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். ஊரைக் கூட்டி நான் அவமானப்படுவதற்கு முன்னால் என்னைக் காப்பாற்றினாய், அதுவும் ஒரு கல்லைக் கையில் கொடுத்து, மரியாதை குறையாமல். நான் திரும்புகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று நெஞ்சு முழுக்க இருந்தது, வாய் வரைக்கும் வரவில்லை.

அம்மா போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சிலருக்கு முன்னால் எதுவும் காட்டாமலே வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். என் காதில் விழுந்தது, நான் வாங்கிக்கொள்ளவில்லை. லீவு முடிந்து முந்தின வாரம்தான் பெங்களூர் போயிருந்த நீ கிடைத்த பிளைட்டைப் பிடித்துத் திரும்பி வந்தாய். சவப்பெட்டியைச் சர்ச்சுக்கு எடுப்பதற்கு முன்னால், சித்தியின் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டே சொன்னாய்: "போன வாரம் உங்க வீட்டுக்கு வரும்போது ஷாதிபூர் ஏத்தத்துல அம்மா கொஞ்சம் நின்னு மூச்சு வாங்குனா சித்தி. நான் பைய வாங்கிக்கிட்டேன். வெயிலுன்னு சொன்னா." துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாய். நான் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டேன்.

"பாத்துட்டுத்தானல போன? உன் கண்ணு முன்னால நின்னு காட்டிருக்கா. நீதான் அவள விட்டுட்டுப் போயிட்ட."

பந்தலில் நாற்காலி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். நீ ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். நீ சித்தியின் மடியிலிருந்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றாய். அதற்குப் பிறகு நீ அழுததை யாரும் பார்க்கவில்லை.

நீ போனபின் நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். மீன் ஆய்வதற்கு முன்பெல்லாம் குந்தி உட்காருவாள், அந்த மாதம் முக்காலி போட்டுக்கொண்டாள். சாப்பிட்டபின் ஓமத்தண்ணீர் கேட்டாள். உன்னை ஏர்போர்ட்டுக்குப் பஸ் ஏற்ற வந்தபோது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் எனக்கு அறிகுறியாகத் தெரிந்தது, தெரியத் தெரிய உன்மேல் கோபம் ஏறியது. அவளோடு தினமும் இருந்தவன் நான். முக்காலியை எடுத்துப் போட்டவனே நான்தான். பழி என்று ஒன்று இருந்தால் அது முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அதற்குப் பயந்துதான் உன் கதவைக் காட்டிவிட்டேன் என்று இன்றைக்கு எழுதுகிறேன், அன்றைக்கு அதை நினைக்கக்கூடத் துணிச்சல் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் இங்கே லேசாக ஆடியது. நான் காதர் பாய் கடையில் தேங்காயெண்ணெய் வாங்க நின்றிருந்தேன். கண்ணாடிச் சாடிகள் கிலுகிலுத்தன, எல்லோரும் ரோட்டுக்கு ஓடி வந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்றதும் திரும்பக் கடைவாசலில் கூடினோம். அப்புறம் ஆரம்பித்தது கதை. எதிர்வீட்டு நாய் காலையிலிருந்தே ஊளையிட்டது, தனக்கு அப்போதே சந்தேகம் என்றார் காதர் பாய். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா காக்கைகளைச் சொன்னாள். ஆட்டோ ஓட்டுகிற தெலுங்குப் பையன் தனக்குக் காலையில் தலை சுற்றியதைச் சொன்னான். எனக்குப் பழைய உத்தியோகத் திமிர் வந்துவிட்டது. நிலம் ஆடாமல் இருந்தால் அந்த நாயைப் பற்றி இன்றைக்கு யாராவது பேசுவீர்களா, அது தினமும்தானே ஊளையிடுகிறது, ஆடினபிறகு உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னாலே எழுதுகிறீர்கள் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். நீ ரங்கத்தில் எனக்குச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். காதர் பாய் ஒரு சாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உனக்குத் தெரியும், அன்றைக்கு நம் வீட்டில் பந்தல் போட ஆள் பிடித்ததும் வந்தவர்களுக்குச் சாயா கொடுத்ததும் அவர்தான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு உங்க மவனச் சொன்னது மட்டும் என்னண்ணே?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. எண்ணெயை வாங்காமலே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த முக்காலியும் ஓமத்தண்ணீரும் வேலியும் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. வயசான பெண்பிள்ளை முக்காலியில்தான் உட்காருவாள். பிள்ளையை வழியனுப்புகிறவள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். ஷாதிபூர் ஏற்றத்தில் வெயில் நேரத்தில் நிற்காதவர் யார்? நானே இரண்டு இடத்தில் நிற்கிறேன். அவள் இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் இதில் ஒன்றாவது எனக்கு நினைவிருக்குமா? அந்தச் செவ்வாய்க்கிழமையின் அதிர்ச்சிதான் முன்னால் வழிந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறது. பூமி விஷயத்தில் ஒரு கல்லோடு நான் ஒத்துக்கொண்டதை, பெற்ற பிள்ளை விஷயத்தில் இரண்டு வருடம் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது நீ சொன்ன அந்த மற்ற ஃபில்டரில் போட்டு அதைப் பார்க்கிறேன், முன்பக்கம் எதுவும் வழியாததில். ஷாதிபூர் ஏற்றம். வெயில். உன் அம்மா நிற்கிறாள், நீ அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்கிறாய், இரண்டு பேரும் பேசிக்கொண்டே மேலே போகிறீர்கள். அவ்வளவுதான் நடந்தது. மகன் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு சாதாரண நாள். அதில் நீ பார்க்கத் தவறியது ஒன்றும் இல்லை, ஏனென்றால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. உனக்கு அது மிஞ்சியிருந்தால் அம்மாவோடு கழித்த கடைசி நல்ல நாட்களில் ஒன்றாக மிஞ்சியிருக்கும். அதை நான் கெடுத்தேன். அந்த ஏற்றத்தை நீ தினமும் ஏறிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சில்லு செய்கிறவன் நீ, இந்தக் கணக்கெல்லாம் உனக்கு என்னைவிடத் தெரியும், ஆனால் தகப்பன் வாயால் விழுந்தது கணக்குத் தெரிந்ததால் மட்டும் ஆறிவிடாது. மகனே, நான் சொன்னது பொய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைப் படிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள் அத்தான் என்றாள் உன் சித்தி. என்னிடம் இருப்பதெல்லாம் கெட்டுப்போனவன் சொல்கிற வார்த்தைதான். பெரிய கேள்வியைச் சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒரு நாள் கேட்காதே. சின்னதாக, அடிக்கடி, முட்டாள்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டே இரு. இன்றைக்கு உன்னால் குறைந்துபோனதை மனதில் வைத்திருந்து நாளைக்குக் கூட்டு. மெர்லின் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வருகிறவள். ஒரே சில்லு பல கம்பிகளை மாற்றி மாற்றிப் படிக்கும்போது, கம்பி மாறியதும் வருகிற முதல் சில எண்களில் பழைய கம்பியின் மிச்சம் கலந்திருக்கும், அதை நம்பக் கூடாது என்று நீதானே சொன்னாய். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்கிற முதல் இரண்டு வார்த்தையைக் கணக்கில் வைக்காதே. நான் செருப்போடு நின்றுகொண்டே உன் மார்க்கைக் கேட்ட நாட்களில் உனக்கு விழுந்ததெல்லாம் ஆபீஸ் மிச்சம்தான், பாவம், உனக்கு அது தெரியாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் வீட்டில் யார் பயணம் போனாலும் நெற்றியில் சிலுவை வரைந்துதான் அனுப்புவோம், எப்போதும் அம்மா வரைவாள். அடக்கம் எல்லாம் முடிந்து நீ கிளம்பின அன்று, வாசலில் ஆட்டோ நிற்க, தோளில் பையை மாட்டிக்கொண்டு என் நாற்காலிக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றாய். எதற்கு நிற்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "ஆட்டோக்காரன் நிக்கான், போ" என்றேன். நீ இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே போனாய். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே ஈனமான காரியம் அதுதான். அன்று சொன்ன வார்த்தையைவிட இதுதான் என்னை அதிகம் தின்கிறது, ஏனென்றால் அது துக்கத்தில் வந்தது, இதை நான் நிதானமாக இருந்து செய்தேன்.

கல்யாணத்தன்று காலையில் சர்ச்சுக்குக் கிளம்புமுன் பெற்றவர்கள் பிள்ளைக்குச் சிலுவை வரைவது வழக்கம். அதற்கு என்னைக் கூப்பிடுவாயா என்று கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். சித்தி வரையட்டும் என்று நீ நினைத்தால் அதுதான் நியாயம். நான் வருவேன், பின்வரிசையில் உட்காருவேன், சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உனக்கு மனம் வந்து என் முன்னால் வந்து நின்றாயென்றால், இந்தத் தடவை தலையைக் குனிய வேண்டாம் மக்கா. நிமிர்ந்தே நில். என் கை எட்டும்.

அப்பா
கராச்சர்மா